15 டிகிரியின் விலை: நெல்லை வீடுகளில் வென்னிக்கு ஆகும் காசும் கரியும்

குளிர் நாடுகளில் வீட்டைச் சூடாக்க எது மலிவு, எது குறைவாகப் புகை கக்கும் என்று மண்டையை உடைத்துக்கொள்வார்கள். திருநெல்வேலிச் சீமையில் அறையைச் சூடாக்க யாரும் காசு கொடுப்பதில்லை. அந்த வேலையைச் சித்திரை வெயில் கேட்காமலே, தேவைக்கு மேலேயே செய்துவிடுகிறது. இங்கே வீட்டுச் சூடு என்றால் வென்னிதான். ஐப்பசி அடைமழையில் தொடங்கி மாசிப் பனி வரை, தென்காசி, அம்பாசமுத்திரம் பக்கம் ஆனி ஆடிச் சாரலிலும், கைக்குழந்தையோ வயசானவர்களோ இருக்கிற வீட்டில் வருஷம் பூராவும், யாராவது ஒருவர் காலையில் வென்னி போட்டுக்கொண்டுதான் இருக்கிறார்.

எதில் போடுவது என்ற கேள்விக்குக் கடைக்காரர் ஒரு பதில் சொல்வார், மின்கட்டண அட்டை இன்னொரு பதில் சொல்லும், கரியமில வாயுக் கணக்கு மூன்றாவதாக ஒன்றைச் சொல்லும். மூன்றும் ஒத்துப்போவதில்லை என்பதுதான் இதில் உள்ள சிக்கல்.

முதலில் தேவை எவ்வளவு என்று பார்ப்போம். 1 லிட்டர் தண்ணீரை 1 டிகிரி சூடேற்ற 1.16 வாட்-மணி வேண்டும். தொட்டித் தண்ணீர் 27 டிகிரியில் இருக்கிறது, மேலுக்கு இதமாக 42 டிகிரியில் ஊற்றிக்கொள்கிறோம் என்றால் ஏற்ற வேண்டியது 15 டிகிரி. ஒரு வாளிக்கு 20 லிட்டர் என்றால் 350 வாட்-மணி, அதாவது யூனிட்டில் மூன்றில் ஒரு பங்குக்குக் கொஞ்சம் மேல். நாலு பேர் ஆளுக்கொரு வாளி குளித்தால் நாளைக்கு 1.4 யூனிட் சூடு. எந்தக் கருவியை வாங்கினாலும் இந்த 1.4 யூனிட்டைத் தண்ணீருக்குள் தள்ளியே ஆக வேண்டும். வழியில் எவ்வளவு சிந்துகிறது, அந்தச் சூடு எங்கிருந்து வருகிறது என்பதில்தான் கருவிக்குக் கருவி வித்தியாசம்.

வாளியை விட்டுவிட்டு ஷவருக்கு மாறினால் கணக்கே வேறு. நிமிஷத்துக்கு 8 முதல் 10 லிட்டர் ஊற்றும் ஷவருக்கு அடியில் 7 நிமிஷம் நின்றால் 60, 70 லிட்டர் போய்விடும். மூன்று வாளி. ஐந்து நட்சத்திர கீசர் வாங்கி மிச்சம் பிடிப்பதை எல்லாம் ஒரு ஷவர் ஒரே வாரத்தில் தின்றுவிடும்.

செலவே இல்லாத ஒரு சேமிப்பும் உண்டு. மார்கழிக் காலையில் தட்டட்டிமேல் இருக்கிற சின்டெக்ஸ் தொட்டித் தண்ணீர் ராப்பனியில் ஆறி 24 டிகிரிக்கு வந்திருக்கும். அதே நேரம் கிணற்றிலோ போரிலோ இருந்து அப்போதுதான் ஏறும் தண்ணீர் 28, 29 டிகிரி. மண்ணுக்கடியில் வருஷம் பூராவும் சூடு அதிகம் மாறுவதில்லை. விடியற்காலையில் கிணற்றுத் தண்ணீர் வெதுவெதுப்பாக இருப்பதற்குக் காரணம் இதுதான். மோட்டாரை முந்தின நாள் சாயங்காலம் போடாமல் காலையில் போட்டு, ஏறின கையோடு அந்தத் தண்ணீரை வாளியில் பிடித்தால் 18 டிகிரி ஏற்ற வேண்டிய இடத்தில் 13, 14 போதும். எரிபொருளில் நான்கில் ஒரு பங்கு மிச்சம். அது கரண்டாக இருந்தாலும் சரி, கருக்கு மட்டையாக இருந்தாலும் சரி.

கரண்டு: ராடும் கீசரும்

வாளியில் போடும் இம்மர்ஷன் ராடு பார்க்க மட்டமாக இருக்கும், திறனில் மட்டமில்லை. உள்ளே போன மின்சாரம் அத்தனையும் தண்ணீருக்குத்தான் போகிறது. 1500 வாட் ராடு ஒரு வாளியை 15 டிகிரி ஏற்ற 14 நிமிஷம், 1000 வாட் என்றால் 21 நிமிஷம். நாளைக்கு 1.5 யூனிட்டுக்குள் நாலு பேர் குளித்துவிடலாம். ஆபத்துதான் அதன் குறை. உறையில் கீறல் விழுந்த ராடு தண்ணீருக்குள் கரண்டை விடும். பிளாஸ்டிக் வாளியில் மட்டும் போட வேண்டும், கோடு போட்ட அளவுக்குத் தண்ணீர் இருக்க வேண்டும். விரலை விட்டுச் சூடு பார்ப்பதற்கு முன் சுவிட்சை நிறுத்தினால் போதாது, பிளக்கையே உருவிவிட வேண்டும். மெயின் போர்டில் 30 மில்லி ஆம்பியர் கசிவுக்கே விழுகிற பிரேக்கர் இல்லாத வீட்டில் ராடு வேண்டாம்.

கீசரில் சிந்துவது வேறு வகை. 25 லிட்டர் தொட்டியை 27-லிருந்து 60 டிகிரிக்கு ஏற்ற ஏறக்குறைய 1 யூனிட், உள்ளே இருந்து சூடேற்றும் 2000 வாட் எலமென்டுக்கு அரை மணி நேரம். அந்த 60 டிகிரித் தண்ணீரைப் பச்சைத் தண்ணீரோடு விளாவினால் 42 டிகிரியில் 55 லிட்டர் கிடைக்கும், கிட்டத்தட்ட மூணு வாளி. இது நல்ல கணக்குத்தான். கெட்டுப்போவது இரண்டு இடத்தில். ஒன்று, குளித்து முடித்தபின் தொட்டியில் மிச்சமிருக்கும் சூட்டுத் தண்ணீர் ராத்திரிக்குள் வீணாக ஆறுகிறது. இரண்டு, சுவிட்சை நிறுத்தவே மறந்தால் ஆறின சூட்டை ஈடுகட்ட எலமென்ட் திரும்பத் திரும்ப எரிகிறது. நாளெல்லாம் போட்டு வைத்த கீசர் யாரும் குளிக்காமலே நாளைக்குக் கால் யூனிட்டிலிருந்து அரை யூனிட் வரை தின்னும். குளிக்கிறதுக்கு அரை மணி முன்னால் போட்டு, உள்ளே போகும்போதே நிறுத்திவிடுகிற வீட்டில் நாளைக்கு 1.7 யூனிட் போதும்.

குழாய் நீளத்தை யாரும் கவனிப்பதில்லை. முக்கால் அங்குலக் குழாய் ஒரு மீட்டருக்கு 0.3 லிட்டர் பிடிக்கும். கீசர் ஒரு மூலை, குளியலறை மறு மூலை என்று 12 மீட்டர் ஓடினால், சூடு வந்து சேருமுன் 3, 4 லிட்டர் பச்சைத் தண்ணீரைக் கீழே விட வேண்டும். குளித்து முடித்தபின் அதே அளவு வென்னி குழாயிலேயே நின்று ஆறும்.

‘கரண்டு கம்மியா வந்தா பில்லு ஏறும்’ என்று ஒரு பேச்சு உண்டு. மோட்டாருக்கு அதில் ஓரளவு உண்மை இருக்கலாம், ஹீட்டருக்கு இல்லை. 230 வோல்ட் வர வேண்டிய இடத்தில் 180 வந்தால் 2000 வாட் எலமென்ட் 1225 வாட்டாகச் சுருங்கும். அரை மணிக்குப் பதில் 50 நிமிஷம் ஆகும், ஆனால் யூனிட் அதேதான்.

இனி கரிக்கணக்கு, அதாவது கரியமில வாயுக் கணக்கு. நம்மைச் சுற்றிலும் காற்றாலை சுற்றுகிறது, கூடங்குளத்தில் 1000 மெகாவாட் அணு உலை இரண்டு ஓடுகின்றன, பாபநாசத்தில் நீர்மின்சாரம் இருக்கிறது, ஆகவே நம் கரண்டு சுத்தமான கரண்டு என்று சொல்லிக்கொள்வதில் ஒரு சுகம் உண்டு. ஆனால் இந்தியா முழுக்க ஒரே மின்தொகுப்பு. தூத்துக்குடி அனல் நிலையத்து நிலக்கரியும் அதே கம்பியில்தான் வருகிறது. வென்னி போடும் விடியற்காலை 6 மணிக்கு வெயில் மின்சாரம் கிடையாது, காற்றாலை நன்றாகச் சுற்றுவது வைகாசியிலிருந்து புரட்டாசி வரை. மார்கழிக் காலையில் நீங்கள் சுவிட்சைப் போட்டால் கூடுதலாக எரிவது பெரும்பாலும் நிலக்கரி. தொகுப்பின் சராசரியே யூனிட்டுக்கு 0.7 கிலோ கரியமில வாயு, கம்பியில் விரயமாவதைச் சேர்க்காமல். நாளைக்கு 1.7 யூனிட் என்றால் இரண்டு மாதத்துக்கு 102 யூனிட், 71 கிலோ கரியமில வாயு.

படிக்கட்டுக் கட்டணம்

இதே 102 யூனிட்டுக்கு ஒரு வீடு கொடுக்கும் காசும் அடுத்த வீடு கொடுக்கும் காசும் ஒன்றல்ல. 2022 செப்டம்பரில் வந்த கட்டணத்தையே எடுத்துக்கொள்வோம். அதன் பிறகு விகிதங்கள் கூடியிருந்தாலும் படிக்கட்டு எப்படி வேலை செய்கிறது என்று காட்ட அந்த எண்கள் போதும். இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் இலவசம். மொத்தம் 500-க்குள் நின்றால் 101 முதல் 200 வரை யூனிட்டுக்கு 2.25 ரூபாய், 400 வரை 4.50, 500 வரை 6 ரூபாய். 500-ஐத் தாண்டிவிட்டால் அந்த 2.25 சலுகை போய், 101-லிருந்தே 4.50. தாண்டிய யூனிட்டுகளுக்கு 8 ரூபாயில் தொடங்கி மேலே ஏறும்.

கீசர் இல்லாமல் 150 யூனிட் ஓடும் சின்ன வீட்டில் இன்னும் 100 யூனிட் கூடினால் பில்லில் ஏறுவது சுமார் 340 ரூபாய். ஏசி, பிரிட்ஜ், மோட்டார் எல்லாம் ஓடி ஏற்கெனவே 420-ல் நிற்கும் வீட்டில் அதே 100 யூனிட்டுக்கு ஏறுவது 865 ரூபாய். 80 யூனிட் 6 ரூபாயில், 20 யூனிட் 8 ரூபாயில், அதற்குமேல் பறிபோன சலுகை 225.

இந்த இரண்டாவது வீட்டுக்காரர் கீசரை விட்டுவிட வேண்டியதில்லை. இரண்டு மாதத்தில் வெறும் 25 யூனிட், நாளைக்கு அரை யூனிட்டுக்கும் குறைவு, மிச்சம் பிடித்து 495-ல் நின்றால் 415 ரூபாய் குறையும். மறந்துபோன சுவிட்சும், எவ்வளவு சூட்டில் நிற்க வேண்டும் என்று வைக்கிற தெர்மோஸ்டாட்டும் சேர்ந்தாலே அந்த 25 யூனிட் கிடைத்துவிடும். தெர்மோஸ்டாட்டை 50 டிகிரிக்கு இறக்கி வைத்தால் நம் ஊருக்குத் தாராளம். வீட்டைப் பூட்டிவிட்டுப் பல நாள் வெளியூர் போய்வந்தால் மட்டும் தேங்கிய தண்ணீரை ஒருமுறை 60 வரை ஏற்றிவிட்டுப் புழங்குவது நல்லது.

கேஸ்

ஒரு கிலோ சமையல் எரிவாயு 12.8 யூனிட் சூடு தரும், எரிந்தால் 3 கிலோ கரியமில வாயு விடும். 14.2 கிலோ சிலிண்டர் 900 ரூபாய் என்று வைத்துக்கொண்டால் கிலோ 63 ரூபாய் சொச்சம். அடுப்பில் அண்டாவை ஏற்றிக் காய்ச்சினால் சூட்டில் 60 சதவீதம்தான் தண்ணீருக்குப் போகும், மிச்சம் அண்டாவின் பக்கவாட்டில் ஏறிப் போய்விடும். இரண்டு மாதத்துக்கு 11 கிலோ, 690 ரூபாய், 33 கிலோ கரியமில வாயு. மூடி போடாமல் காய்ச்சுகிறவர்களுக்கு இன்னும் கூடும். கேஸ் கீசர் 80 சதவீதம் வரை உறிஞ்சும்: 8.2 கிலோ, 520 ரூபாய், 25 கிலோ கரியமில வாயு.

கேஸ் கீசர் வென்னியின் கரி, கரண்டு வென்னியில் மூன்றில் ஒரு பங்குதான். அனல் நிலையத்தில் நிலக்கரியை எரித்து நீராவியாக்கி, அதில் மூன்றில் ஒரு பங்கை மட்டும் மின்சாரமாக்கி, அதைக் கம்பியில் கொண்டுவந்து திரும்பச் சூடாக்குவதை நினைத்தால் இதில் ஆச்சரியமில்லை. காசில் மட்டும் இரண்டு பக்கமும் அடிக்கிறது. 150 யூனிட் வீட்டுக்குக் கரண்டு மலிவு, 420 யூனிட் வீட்டுக்குக் கேஸ் மலிவு. யூனிட் 5, 6 ரூபாய்க்குப் பக்கம் இரண்டும் சமமாகும்.

கேஸ் கீசர் விஷயத்தில் கரியமில வாயுவை விடப் பயப்பட வேண்டியது கார்பன் மோனாக்சைடுக்கு. மணமும் நிறமும் கிடையாது, தலைசுற்றல் தெரியும்போது கதவைத் திறக்கத் தெம்பு இருக்காது. காற்றுப் போக வழியில்லாத குளியலறைக்குள் மாட்டுவது கூடவே கூடாது. வெளிச் சுவரில் மாட்டி, வென்னிக் குழாயை மட்டும் உள்ளே கொண்டுபோக வேண்டும். இன்னொன்று, தண்ணீர் அழுத்தம் இல்லாவிட்டால் அது பற்றாது. ஒற்றை மாடி வீட்டில் தொட்டி தட்டட்டியிலேயே உட்கார்ந்திருந்தால் கிடைப்பது இரண்டு மீட்டர் உயரத்து அழுத்தம்தான். குழாயைத் திறந்தால் டிக் டிக் என்று பொறி அடிக்கும், தீ வராது. தொட்டியை ஒரு மீட்டர் உயர்த்திக் கட்டினாலே பல வீடுகளில் சரியாகிவிடும். அதற்கு முன் பேட்டரியை மாற்றிப் பார்த்துவிட வேண்டும், பாதிப் புகார் அதில்தான் முடியும்.

விறகு

காய்ந்த விறகு கிலோவுக்கு 4.2 யூனிட் சூடு. மூணு கல் கூட்டிய வென்னி அடுப்பில் அதில் எட்டில் ஒரு பங்குதான் தண்ணீருக்குச் சேரும், நாலு வாளிக்கு 2.7 கிலோ விறகு. நடுவில் புகைக்குழாய் ஓடும் செம்புப் பாய்லர் மூன்றில் ஒரு பங்கு வரை பிடிக்கும், 1 கிலோ போதும். சமையல் அடுப்போடு சேர்ந்த கொடியடுப்பில் தவலையை வைத்தால் வென்னிக்கென்று தனி விறகே தேவையில்லை. சோறு வேகும்போது மிச்சப்பட்டுப் போகும் சூடு அது. விறகடுப்பைக் கழித்துக் கட்டியபோது சேர்த்து இழந்த நல்ல ஏற்பாடு.

ஒரு கிலோ விறகு எரிந்தால் 1.7 கிலோ கரியமில வாயு. புகைக்கூண்டு வாயில் அளந்தால் எல்லாவற்றிலும் மோசம் இதுதான். ஆனால் எரிப்பது எது என்று பார்க்க வேண்டும். விழுந்த தென்னமட்டை, பாளை, கதம்பை, சிரட்டை, பனையின் கருக்கு மட்டை எல்லாம் தோட்டத்தில் கிடந்தால் சில வருஷத்தில் மக்கி அதே கரியமில வாயுவைத்தான் விடப்போகின்றன. வெட்ட வெட்டத் துளிர்க்கும் சீமைக்கருவேலும் அப்படியே. அந்த விறகின் கரியைக் கணக்கில் சேர்க்காமல் விடுவதில் நியாயம் உண்டு. நிழல் தரும் வேம்பையோ புளியையோ வெட்டி எரித்தால் அந்த நியாயம் செல்லாது.

புகைக்கு எந்த நியாயமும் கிடையாது. பச்சை விறகின் எடையில் பாதி தண்ணீர். அடுப்பில் போட்டால் முதலில் அந்தத் தண்ணீரை ஆவியாக்கவே தீ செலவாகும், அதற்குள் கண் எரிந்துவிடும். ஐப்பசிக்கு வேண்டிய விறகை ஆவணியிலேயே வெட்டிப் பிளந்து, மழை படாத இடத்தில் அடுக்கிவிட வேண்டும். பாய்லரைக் கூரைக்கு வெளியே வைக்க வேண்டும்.

பேறுகால வீட்டில் வேது வைக்க அண்டா அடுப்புத்தான் வழி. இலை தழை போட்டுக் கொதிக்க வைக்கிற வேலையை கீசரிடம் கேட்க முடியாது.

உப்புத் தண்ணீர்

தாமிரபரணித் தண்ணீர் குழாயில் வரும் வீட்டுக்காரர்கள் இந்தப் பகுதியைத் தாண்டிப் போகலாம். திசையன்விளை, ராதாபுரம் பக்கத்து போர்த் தண்ணீரைச் சூடாக்குகிறவர்களுக்கு இதுதான் முக்கியம். தண்ணீர் சூடேறும்போது சுண்ணாம்பு பிரிந்து, சூடான இடமாகப் பார்த்துப் படியும். 60 டிகிரிக்கு மேல் வேகமாகப் படியும். தெர்மோஸ்டாட்டை 50-ல் வைக்கச் சொல்வதற்கு இது இரண்டாவது காரணம்.

‘எலமென்ட்ல உப்பு புடிச்சிட்டு, அதான் கரண்டு இழுக்கு’ என்பது முழு உண்மையில்லை. எலமென்ட் தண்ணீருக்குள்தான் இருக்கிறது, படிந்த ஓட்டைத் தாண்டித் தாமதமாகவாவது சூடு தண்ணீருக்குத்தான் வரும். யூனிட் பெரிதாகக் கூடாது. சூடு வெளியேற முடியாமல் எலமென்ட் உள்ளுக்குள் காய்ந்து வெடிப்பதுதான் நடக்கும். கேஸ் கீசர், பாய்லர், வெயிலில் தண்ணீரைச் சூடாக்கும் சோலார் இவற்றில் நிலைமை நேர்மாறு. அங்கே சுண்ணாம்பு படிந்தால் சூடு தண்ணீருக்குள் போகாமல் புகையோடு, காற்றோடு போய்விடும். செலவும் கரியும் நிஜமாகவே கூடும்.

வருஷத்துக்கு ஒருமுறை கீசரைத் திறந்து, எலமென்டையும் கூடவே இருக்கும் மெக்னீசியம் தண்டையும் பார்க்க வேண்டும். தொட்டித் தகட்டுக்குப் பதில் தான் அரிபட்டுக் காப்பாற்றுவது அந்தத் தண்டு. பென்சில் கனத்துக்கு மெலிந்துவிட்டால் மாற்றிவிட வேண்டும். 500 ரூபாய்ச் சாமானைப் பார்க்காமல் விட்டுத் தொட்டியே ஒழுகிப் போன கீசர்கள் ஏராளம். எலமென்டில் படிந்ததைச் சுரண்டக் கூடாது. ஒரு லிட்டர் சுடுதண்ணீரில் 50 கிராம் எலுமிச்சை உப்பைக் கரைத்து ஒரு மணி நேரம் ஊற வைத்தால் நுரைத்துக் கழன்றுவிடும்.

சோலார்

ஓடும் செலவு இல்லை, கரியும் இல்லை. அதனால் கேள்வி கேட்காமல் வாங்கிவிடலாம் என்பது தவறு. 100 லிட்டர் சோலார் பொருத்துக்கூலியோடு 30,000 ரூபாய் ஆகிறது என்று வைத்துக்கொள்வோம். வருஷத்தில் 250 நாள் வென்னி போடும் வீட்டில் அது மிச்சம் பிடிப்பது 425 யூனிட். 4.50 ரூபாய்ப் படியில் நிற்கிற வீட்டுக்குப் போட்ட காசு திரும்ப 16 வருஷம் ஆகும், 500-ஐத் தாண்டுகிற வீட்டுக்கு 8 வருஷம். கரிக்கணக்கில் வருஷத்துக்கு 300 கிலோ, அதாவது 130 லிட்டர் பெட்ரோல், பைக்கில் 6,000 கிலோமீட்டர். ஏற்கெனவே கேஸிலோ தென்னமட்டையிலோ வென்னி போடுகிற வீட்டுக்கு இந்த லாபமும் சுருங்கிவிடும்.

நாலு பேர் வீட்டுக்கு 200 லிட்டர் என்று கடையில் சொல்வார்கள். வேண்டாம். வெயில் நாளில் தொட்டியில் 60 டிகிரி நிற்கும். ஒரு வாளி விளாவ அதில் 9 லிட்டர் போதும். 100 லிட்டரில் 11 வாளி. மேகம் மூடி 45 டிகிரிதான் வந்தாலும் நாலு பேர் குளித்துவிடலாம். அடைமழையில் ரெண்டு மூணு நாள் சூரியனே தெரியாவிட்டால் 200 லிட்டரும் கைகொடுக்காது. அந்த நாளுக்கென்று சோலார் தொட்டிக்குள் எலமென்ட் போட்டுத் தருவார்கள். அது 100 லிட்டரையும் சேர்த்துச் சூடாக்க 3.8 யூனிட் தின்னும், நாலு வாளிக்கு 1.5 யூனிட் ராடு போதுமான இடத்தில்.

திருநெல்வேலி 8.7 டிகிரி வடக்கில் இருப்பதால் மார்கழி உச்சிவேளையில் சூரியன் தெற்கே 58 டிகிரி உயரத்தில் நிற்கும். நமக்கு வென்னி வேண்டியதும் அப்போதுதான். தெற்குப் பார்த்து 20, 25 டிகிரிச் சாய்வு போதும். குளிர்ந்த தண்ணீர்த் தொட்டியின் அடிப்பாகம் சோலார் தொட்டிக்கு மேலே இருக்க வேண்டும். காற்றுப்போக்கிக் குழாய் அந்தத் தண்ணீர்த் தொட்டியின் நீர்மட்டத்துக்கும் மேலே ஏற வேண்டும், குட்டையாக விட்டால் ராவெல்லாம் அதன் வழியாகத் தண்ணீர் ஒழுகும். இறங்கும் குழாய் வென்னி தாங்கும் சிபிவிசி-யாக இருக்கட்டும், சாதா பிவிசி இளகித் தொங்கிவிடும். உப்புத் தண்ணீர் ஊரில் கண்ணாடிக் குழாய் வகைக்கு வருஷா வருஷம் கழுவல் தேவை. தென்னைக்கு அடியில் வைத்தால் ஒரு மட்டை விழுந்தாலே குழாய் போயிற்று.

காற்றிலிருந்து சூட்டை உறிஞ்சித் தண்ணீருக்குக் கொடுக்கும் ஹீட் பம்ப் நம் ஊர்க் காற்றில் அருமையாக வேலை செய்யும். ஒரு யூனிட் கரண்டுக்கு மூன்று யூனிட் சூடு. இரண்டு மாதத்துக்கு 28 யூனிட், 20 கிலோ கரியமில வாயு, கேஸ் கீசரைவிடவும் குறைவு. ஆனால் நாலு வாளிக்கு அந்த விலை தகாது. சாரல் சீசனில் குற்றாலத்து லாட்ஜுகளுக்கும், விடுதி, மருத்துவமனைகளுக்கும் ஏற்றது.

சோலார் வைத்தவர்களுக்குச் சித்திரையில் பிரச்சினை தலைகீழ். யாரும் வென்னி எடுக்காமல் தொட்டி கொதிக்கும், சுண்ணாம்பு வேகமாகப் படியும். கோடை விடுமுறைக்கு வீட்டைப் பூட்டிக்கொண்டு போகும்போது குழாய்களின்மேல் சாக்கைப் போட்டு மூடிவிட்டுப் போக வேண்டும். தொட்டி வற்றிக் கிடந்தால் திரும்பி வந்ததும் அவசரப்பட்டு வால்வைத் திறக்கக் கூடாது. காய்ந்த கண்ணாடிக் குழாயில் உச்சிவெயிலில் பச்சைத் தண்ணீர் பட்டால் வரிசையாக வெடிக்கும். ராத்திரி ஆறவிட்டு, காலையில் வெயில் ஏறுமுன் நிரப்ப வேண்டும்.